தீனி மூட்டையிலும் ஃபீட், செல்லிலும் ஃபீட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். பத்தொன்பது வருடமாகக் கறிக்கோழிப் பண்ணை நடத்துகிறோம். குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனி கொடுத்துவிடும், செட்டு என்கிற கோழிக் கொட்டகையும் கரண்டும் தண்ணியும் பாடும் எங்களுடையது, கோழி பிடிக்கிற அன்றைக்கு எடை போட்டு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருவார்கள். உங்கள் பத்திரிகையைத் தினமும் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. குழந்தைக்குச் சோறூட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமாகப் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுடைய பையனுக்கு இப்போது பதினாறு மாதம். பிரசவத்துக்கு வந்த மகள் இங்கிருந்தே திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்வருகிறாள், மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை, சனிக்கிழமை பொழுதோட வருவார். ரெண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், ஏழு மணி இருக்கும். செட்டில் தீனி போட்டுவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். மகள் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, பையனைத் தொடைமேல் சாய்த்து வைத்து, எதிரில் தண்ணிச் சொம்பில் செல்லைச் சாய்த்து வைத்திருந்தாள். ஏதோ ஒரு பாட்டு, முட்டை உடைகிறது, உள்ளே இருந்து கலர் கலராகப் பந்து வருகிறது, அது முடிவதற்குள் அடுத்தது ஆரம்பிக்கிறது. ஸ்பூன் உதட்டில் பட்டதும் அவன் வாய் திறக்கிறது, கண் மட்டும் அசையவில்லை. பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சோறு. எண்ணிக்கொண்டே நின்றேன், பதினொரு ஸ்பூன். அப்போது செல்லில் சார்ஜ் தீர்ந்து கறுத்துப் போனது.

பையன் தூக்கத்தில் இருந்து எழுந்தவன் மாதிரி அம்மா முகத்தைப் பார்த்தான். நாக்கை ஒரு சுற்றுச் சுற்றினான். கன்னத்தில் அடக்கி வைத்திருந்த சோறு அத்தனையையும் மெதுவாக வெளியே தள்ளினான், அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, இது எப்படி என் வாய்க்குள் வந்தது என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. தன் வாயில் சோறு இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மகள் அதை வழித்து எடுத்துவிட்டு, சார்ஜர் எங்கே என்று தேடப் போனாள்.

எனக்கு உடனே எங்கள் செட்டுதான் ஞாபகம் வந்தது, ஏன் என்று சொல்கிறேன்.

குஞ்சு இறங்குகிற அன்றைக்குத் தரையெல்லாம் தேங்காய் நார்த்தூள் பரப்பி, அதன்மேல் பழைய பேப்பர் விரித்து, பேப்பர்மேல் தீனியைத் தூவி விடுவோம். குஞ்சு நடந்தால் பேப்பர் சடசடவென்று சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்கே மற்ற குஞ்சுகளும் வந்து கொத்தும். ராத்திரியெல்லாம் லைட் எரியும். வெளிச்சம் இருந்தால் தின்னும், தின்றால் எடை ஏறும், நாற்பது நாள் சுமாருக்கு ரெண்டு கிலோவைத் தொட வேண்டும், ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை கிலோவை விட ரொம்பக் கூடுதலாகத் தீனி போய்விட்டால் எங்கள் கூலியில் கை வைப்பார்கள். பசிக்கிறதா என்று கோழியை யாரும் கேட்பதில்லை. இது எங்கள் பிழைப்பு, அதைத் தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தப் பிழைப்பிலேயே பார்க்காமல் தீனி போடுவது கிடையாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் பொழுதோட பத்து இருபது குஞ்சைக் கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே தீனிப்பையை விரலால் தொட்டுப் பார்ப்போம். மெத்தென்று இருந்தால் தீனியும் தண்ணியும் எடுத்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் தீனி மட்டும் தின்றிருக்கிறது, தண்ணி இருக்கிற இடம் அதற்குத் தெரியவில்லை. ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் அந்தக் குஞ்சைத் தனியாக எடுத்து அலகைத் தண்ணியில் தொட்டுக் காட்டுவோம். சித்திரை வெயிலில் மத்தியானம் தீனித் தட்டை மேலே தூக்கிக் கட்டிவிடுவோம், அந்த நேரத்தில் தின்றால் செரிக்கிற சூடும் வெயில் சூடும் சேர்ந்து கோழி செத்துப்போகும். இப்போதெல்லாம் சூப்பர்வைசரே வந்து, முதல் வாரம் கழிந்ததும் ராத்திரியில் சில மணி நேரம் லைட்டை அணையுங்கள் என்கிறார், ஓயாமல் தின்று வளர்கிற கோழிக்குக் கால் வலுவில்லாமல் போகிறது, நெஞ்சடைத்து விழுகிறது, இருட்டும் ஓய்வும் அதற்கும் வேண்டும் என்கிறார். நாற்பது நாளில் கறிக்குப் போகிற கோழிக்கு இவ்வளவு பார்க்கிறோம்.

தீனி மூட்டையின் மேல் ஃபீட் என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். என் அண்ணன் மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரையாக வந்தவன் அந்த மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு செல்லைத் தள்ளிக்கொண்டே சொன்னான், "அத்தை, இதுக்குப் பேரும் ஃபீட்டுதானுங்க." ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் என்று ஒன்றைக் கொண்டுவந்ததாம், அதுவரைக்கும் ஒவ்வொருத்தர் பக்கத்துக்கும் நாமாகப் போய்த்தான் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் எல்லாம் நம்மைத் தேடி வந்து கொட்டியதாம். 2022இல் நியூஸ் என்ற சொல்லையும் எடுத்துவிட்டு வெறும் ஃபீட் என்றே வைத்துக்கொண்டார்களாம். அதே 2006இல் ஏசா ரஸ்கின் என்கிறவர், பக்கம் முடிந்து அடுத்த பக்கம் என்று அமுக்க வேண்டாம், கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கட்டும் என்று ஒரு முறையைச் செய்தாராம், பிற்பாடு அதற்காக அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார் என்றும் சொன்னான். பக்கம் முடிகிற இடத்தில்தான் மனுசன் நிமிர்ந்து பார்ப்பான், எழுந்து போவான். அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். தீனித் தட்டு காலியாகவே கூடாது என்று நாங்களும் அப்படித்தான் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிறோம்.

இதை அடுத்தவர்களுக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. போன பங்குனியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சித்த நேரம் படுக்கலாம் என்று செல்லை எடுத்தேன். கோலம், அப்புறம் ஒரு சமையல், அப்புறம் யாரோ ஒரு மாமியார் மருமகள் சண்டை, அப்புறம் ஒரு கோயில். செட்டில் தண்ணித் தெளிப்பானைப் போட வேண்டிய நேரம் தாண்டிப் போனது தெரியவே இல்லை. எழுந்து ஓடியபோது கோழியெல்லாம் இறக்கையை விரித்து வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு கிடந்தன, அன்றைக்கு முப்பத்தி ஏழு கோழியை எடுத்துக் குழியில் போட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஐம்பத்தி ஐந்து வயதில் என்னையே ஒரு மணி நேரம் பிடித்து உட்கார வைத்ததை, பல் நாலு முளைத்த பிள்ளை முன்னால் வைத்தால் அவன் என்ன செய்வான்?

பிறந்த பிள்ளைக்கு இருபது, முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்று பிரசவ வார்டில் நர்ஸம்மா சொன்னார். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது தாய் முகம் இருக்கிற தூரம் அதுதான். உலகத்தில் அது முதலில் பார்த்துப் பழகுகிறது அந்த முகத்தை. பசிக்கிற பிள்ளை முதலில் தலையைத் திருப்பித் தேடும், கையை வாயில் வைக்கும், உதட்டைச் சப்பும், அழுகை கடைசியில்தான் வரும், அழுகிற வரைக்கும் விடாதீர்கள் என்றார். போதும் என்றால் தானே வாயை விடும், முகத்தைத் திருப்பும், கை விரல் விரிந்து தளர்ந்து போகும். இதெல்லாம் பார்த்தால்தான் தெரியும். நான் ரெண்டு பிள்ளை பெற்றவள், இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

எங்கள் காலத்தில் நடந்த தப்பையும் எழுதிவிடுகிறேன். மாடு கன்று போட்டால் சீம்பாலைக் கன்றுக்கு முதலில் விடுவோம், கன்று எழுந்து நிற்கத் தடுமாறினாலும் தூக்கிப் பிடித்து மடியில் வாய் வைக்கச் செய்வோம், அந்தப் பால் உள்ளே போகாத கன்று தேறாது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கன்றுக்குப் போக மிச்சத்தைத்தான் வெல்லம் போட்டு வேக வைத்துத் தின்போம். அதே வீட்டில், பிள்ளை பெற்றவளின் மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணியும் தேனும் தொட்டுச் சேனை வைத்தோம். கழுதைப்பால் விற்றுக்கொண்டு வந்தால் ஒரு சங்கு வாங்கி ஊற்றினோம். ஒரு வயது முடிகிற வரைக்கும் தேன் கண்ணிலேயே காட்டக் கூடாது, அதில் இருக்கிற கிருமி பச்சைப் பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரைக்கும் அது மட்டும், தண்ணிகூட வேண்டாம், அதற்கப்புறம் சோற்றோடு சேர்த்து ரெண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. என் மகளுக்கு அப்படித்தான் செய்தார்கள், தியேட்டரை விட்டு வெளியே வருவதற்குள் பிள்ளையை மார்மேல் போட்டுவிட்டார்கள். மாட்டுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போனதே என்று எனக்கு அன்றைக்கு ரொம்ப வெசனமாக இருந்தது.

அப்புறம் வேலைக்குப் போகிற நாள் வந்தது. பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் லீவும் முடிந்தது. ராத்திரி பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகும் பாலை நான் பாலாடையில் கொடுத்தேன். எங்கள் அம்மா வைத்திருந்த பாலாடை அது, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். இன்றைக்கும் பாட்டில் வேண்டாம், பாலாடை நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், மாதம் குறைந்து பிறந்து உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைகளுக்கும் அதில்தான் கொடுக்கிறார்கள். பிள்ளையின் தலையை முழங்கையில் உயர்த்திப் பிடித்து, மூக்கை உதட்டு ஓரத்தில் வைத்து, ஒரு சொட்டு சாய்த்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த சொட்டு. கண்ணை ஒரு நொடி எடுத்தால் புரையேறிவிடும். கையில் பாலாடையை வைத்துக்கொண்டு செல் பார்க்கவே முடியாது, பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூட முடியாது. இருபது நிமிடம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் எப்போது விழுங்குவான், எப்போது மூச்சு விடுவான், எப்போது போதும் என்று சொல்வான் என்பது என் கைக்கே பழகிப்போனது. புருவத்தை ஒரு மாதிரி தூக்குவான், அதற்கப்புறம் ஒரு சொட்டு ஊற்றினாலும் கடைவாய் வழியாக வெளியே வரும். அப்படி ஊட்டி வளர்த்த பிள்ளை பதினாலாவது மாதத்தில் செல்லைப் பார்த்துக்கொண்டு பதினொரு ஸ்பூன் சோற்றை வாங்கி வாங்கி அடக்கி வைக்கிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

கொழுந்தனார் சம்சாரம் கேட்டாள், "ஏனுங்க்கா, நாமளும் நெலாவக் காட்டித்தான ஊட்டுனோம்? அது மட்டும் வேடிக்கை இல்லீங்களா?" நியாயமான கேள்விதான், ரெண்டு நாள் யோசித்தேன். எங்கள் தோட்டத்து வாசலில் நின்றால் தெற்கே வரிசையாகக் காத்தாடி தெரியும், கரண்டு எடுக்கிற காற்றாலை. ஆனி ஆடிக் காற்றில் எல்லாம் சுற்றும். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைக் காட்டித்தான் நானும் ஊட்டுகிறேன். காத்தாடியைப் பார்ப்பான், "தா... தா..." என்பான், நான் சொன்னதும் என் வாயைப் பார்ப்பான், கையில் இருக்கிற கிண்ணத்தைப் பார்ப்பான், அப்புறம் வாயைத் திறப்பான். சோளக்காட்டுக்குள் இருந்து மயில் நாலு வந்து நிற்கும், அதற்கு ஒரு பருக்கையைத் தூக்கிப் போடுவான். ஒரு வாய் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, என் கையில் இருந்து பிடுங்கி என் வாயில் வைப்பான். முக்கால் மணி நேரம் ஆகும், பாதி சோறு தரையில் கிடக்கும், ஆனால் அவன் தின்றதை அவன் தின்றான். காத்தாடி அவனைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகச் சுற்றவில்லை. அவன் முகத்தைத் திருப்பினால் இதைவிடப் பளபளப்பாக இன்னொன்றைக் காட்டி மறுபடி திருப்ப அதற்குத் தெரியாது. செல்லுக்குத் தெரியும்.

பழைய சொல் ஒன்று எங்கள் பக்கம் உண்டு. கன்று அவிழ்த்துக்கொண்டு போய்ப் பால் முழுதையும் குடித்துவிட்டால், "கன்னு ஊட்டிருச்சு" என்போம். குடித்தது கன்று, அப்படியும் கன்று ஊட்டிவிட்டது என்றுதான் சொல்வோம். தாய் ஊட்டுவதும் ஊட்டுவதுதான், கன்று தானாகப் போய் முட்டிக் குடிப்பதும் ஊட்டுவதுதான். கன்று முட்டாமல் நாட்டு மாடு லேசில் பாலை இறக்காது என்பது கறக்கிறவர்களுக்குத் தெரியும். ரெண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலைக்கு ஒரே சொல்.

ஒரு வயதுக்குள் செல், டி.வி. எதுவுமே வேண்டாம், ரெண்டு வயதில் போனால் போகிறது என்று ஒரு மணி நேரத்துக்கு உள்ளே, அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் நாட்டுக் குழந்தை டாக்டர்கள் சங்கம் ரெண்டு வயது வரைக்கும் அறவே வேண்டாம் என்கிறது. இதை எல்லா அம்மாவும் கேட்டிருக்கிறார்கள், என் மகளும் கேட்டிருக்கிறாள். நான் அன்றைக்குச் சத்தம் போட்டபோது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, உனக்கு செட்டு ஊட்டுக்குப் பக்கத்துலயே இருக்குது. எனக்கு ஏழே முக்காலுக்கு வண்டி வந்து நின்னு ஆரன் அடிக்கும். செல்லு இருந்தா பத்து நிமிசத்துல தின்னுருவான். இல்லீன்னா முக்கா மணி நேரம். அந்த முக்கா மணி நேரத்துக்கு நான் எங்க போறது?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரை, வீடு வர ஒன்பதரை. அவள் அந்தப் பத்து நிமிடத்தைச் செல்லிடம் கடன் வாங்குகிறாள், சோம்பலுக்காக வாங்கவில்லை. இந்த விஷயத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் காலத்துப் பொண்ணுங்க என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், எனக்கு அதைப் படித்தாலே ஆத்திரம் வருகிறது. அவளுக்குச் சேர வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டது யார் என்று எழுதுங்கள்.

வேலைக்குப் போன முதல் மாதம் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் மார் கல் மாதிரி ஆகிவிடும், சுடிதார் நனைந்துவிடும், துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு பாத்ரூமில் போய் நின்று பீய்ச்சிவிட்டு வருவாள். பிள்ளை குடிக்க வேண்டிய பால் வாஷ்பேசினில் போகிறது, வெளியே அடுத்த பொண்ணு கதவைத் தட்டுகிறாள், லைனில் பீஸ் தேங்கி நிற்கிறது. ராத்திரி வந்து இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அந்தக் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் என்று போர்டு போட்ட ஒரு ரூம் இருக்கிறதாம். உள்ளே பாக்கிங் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. கம்பெனி பேரை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை, அந்த ஒரு கம்பெனி மட்டும்தான் அப்படி என்று யாரும் நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அண்ணன் மகனை எடுத்துத் தரச் சொல்லிப் படித்தேன். 1961இல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே, பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகிற வரைக்கும் வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுப்பதற்கென்று தினம் ரெண்டு தடவை இடைவேளை தர வேண்டும் என்று இருந்தது. 2017இல் அதைத் திருத்தி, முதல் ரெண்டு பிள்ளைக்கு லீவை 26 வாரம் ஆக்கினார்கள், ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர விட வேண்டும் என்று சேர்த்தார்கள். நாலு தடவை! 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது, இந்த விதிகள் அதிலும் இருக்கின்றன. நாலு தடவை என்பதை என் மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. அவள் லைனில் கேட்டுப் பார்த்தாளாம், ஒருத்திக்கும் தெரியவில்லை. லீவு மட்டும் தெரிந்திருக்கிறது, ஈ.எஸ்.ஐ.யில் பணம் வருவதால்.

2015இல் தமிழ்நாடு முழுக்க பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பால் கொடுக்க அறை திறந்தார்கள், அது எவ்வளவு நல்ல காரியம் என்று கைப்பிள்ளையோடு பஸ்ஸுக்கு நின்றவளுக்குத்தான் தெரியும். ஆனால் மகளோடு தடுப்பூசிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பஸ் ஸ்டாண்டில் அந்த அறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று கேட்டு மூன்று பேரிடம் போனோம், கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டுக்கொடுத்து வெளியே நின்றுகொண்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

இன்னொன்றும் பார்க்கிறேன். பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் ரெண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உணவுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992இல் போட்டு 2003இல் இறுக்கிய சட்டம் இருக்கிறது, மின்னணு வழியில் செய்கிற விளம்பரமும் அதில் அடக்கம். ரீல்ஸில் என்னவோ நம் வீட்டுப் பொண்ணு மாதிரியே ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எங்க பாப்பா இதைத்தான் சாப்பிடுறா என்று டப்பாவைக் காட்டுகிறாள். அதிகாரிகள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். காலைச் சோற்றை நான் எடுத்துக்கொண்டேன். மகள் காலையில் தாய்ப்பால் மட்டும் கொடுத்துவிட்டு, அவன் தலையைக் கோதிவிட்டு வண்டி ஏறிவிடுகிறாள். எட்டரைக்குத் தீனி வேலை முடிந்ததும் நானும் அவனும் வாசலில் காத்தாடி பார்க்க உட்கார்ந்துவிடுவோம். முதல் மூன்று நாள் செல்லைக் கேட்டு ஒரே அழுகை, நாலு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை, மகள் மத்தியானம் போன் பண்ணி எவ்வளவு தின்றான் என்று கேட்பாள், எனக்குச் சொல்லவே பயமாக இருக்கும். அங்கன்வாடி டீச்சரம்மாதான் தைரியம் சொன்னார், பசித்த பிள்ளை தின்னும், ஒரு வேளை குறைந்தால் அடுத்த வேளை பிடித்துக்கொள்ளும், அவனுக்கென்று தனித் தட்டு வையுங்கள், கையால் எடுக்க விடுங்கள், எடையை இங்கே வந்து போட்டுப் பாருங்கள் என்றார். அஞ்சாம் நாள் அரிசிம்பருப்பு சாதத்தைத் தானே ஒரு பிடி அள்ளினான், பாதி மூக்கில், பாதி வாயில். கேரட், ராகிக் களி, செவ்வாழை, எங்கள் அங்கன்வாடி சத்துமாவில் பிடித்த கொழுக்கட்டை, எல்லாம் இப்போது கையால்தான். மாதக் கடைசியில் எடை போட்டோம், குறையவில்லை, கால் கிலோ ஏறியிருந்தது.

ராத்திரிச் சோறு மகளுடையது. அவள் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, வாரத்தில் மூன்று நாள் ஒரு ஷிப்டோடு வந்துவிடுகிறாள், கூலி குறைகிறது, மாப்பிள்ளை பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளும் அவள் வந்ததும் செல்லைப் பரண்மேல் வைத்துவிட்டு, கை கால் கழுவி, அவனை எதிரில் உட்கார வைத்துத் தானும் தட்டைப் போட்டுக்கொள்கிறாள். நேற்று ராத்திரி நான் அடுப்படியில் இருந்து பார்த்தேன். அவன் ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பினான். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் ஒன்றுதான். மகப்பேறு விதிகளில் இருக்கிற பால் கொடுக்கிற இடைவேளை, காப்பகம், நாலு தடவை போய்ப் பார்ப்பது, இது மூன்றையும் எளிய தமிழில் ஒரு பெட்டி கட்டி, பெரிய எழுத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் போடுங்கள். எந்த ஆபீசில் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் விசாரித்துச் சேர்த்துப் போடுங்கள். என் மகள் லைனில் நாற்பது பொண்ணுங்க வேலை செய்கிறார்கள், அதில் ஏழு பேர் கைப்பிள்ளைக்காரிகள். வெட்டி எடுத்துக் கொடுத்தனுப்பக் கத்தரியோடு காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்முச்சி,
பல்லடம் வட்டாரம்.